மலாயில் பதில் சொன்ன மரங்கள்

மலாக்காவில் வசந்த காலம் என்று ஒன்று கிடையாது. வெயில் உண்டு, மழை உண்டு, இரண்டும் கூட்டுச் சேர்ந்து வந்து காயப்போட்ட துணியைக் கெடுக்கிற நாள்கள் உண்டு. ஆனாலும் சீனப் பெருநாள் முடிந்து, மாசி வெயில் மண்டையைப் பிளந்து, கிணறுகளில் அடி தெரிந்த பிறகு, பங்குனியில் ஒரு மழை விழும். அதற்குப் பத்து நாள் கழித்து காஜா பெராங்கில் கொல்லைக்குக் கொல்லை பூக்கத் தொடங்கும். மல்லிகைக்குத் தங்கச்சி மாதிரி மணக்கிற கெமுனிங் வேலிகள் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். சரக்கொன்றை மஞ்சளாய்த் தொங்கும். காகிதப்பூக் கொடி கூரைமேல் ஏறிக் கூத்தாடும். பூக்காத மரம் வைத்திருக்கிற வீட்டுக்காரர்கள் மாசியிலேயே பூங்காவனத்துக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள்.

பூங்காவனம் மரங்களைத் திட்டுகிறவள்.

இதை ஒரு தொழில் என்று சொல்ல முடியாது. தொழிலுக்கு அவள் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆயா. கூட்டுவது, மணி அடிப்பது, வாந்தி எடுத்த பிள்ளைகளைக் கழுவி விடுவது. திட்டுவது அவளுக்கு வரம். செங் பக்கத்துக் கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பால்வாளி தூக்கி வளர்ந்து, லோரி ஓட்டுகிற ஒருவனைக் கட்டி, அவன் காய்ச்சலில் போய்ச் சேர, முப்பது வயதில் காஜா பெராங்கில் இருந்த அண்ணன் வீட்டுக்கு ஒரு தகரப் பெட்டியோடு வந்தவள். பெட்டியில் இருந்ததைவிட வாயில் இருந்தது அதிகம். மலாயில் காஜா என்றால் யானை, பெராங் என்றால் கோபம். கோபக்கார யானை என்று பெயர் வைத்துக்கொண்டு இத்தனை காலம் இந்த ஊர் யாருக்காகக் காத்திருந்தது என்பது இவள் வந்த பிறகுதான் தெரிந்தது என்று பசாரில் சொல்லிச் சிரித்தார்கள். அவள் காதுபடச் சொல்லவில்லை.

மரத்தைத் திட்டுகிற வழக்கத்தை அவள் கண்டுபிடிக்கவில்லை. மலாய்க்காரர்களின் கிராமமான கம்பத்தில் டுரியான் மரம் காய்க்காவிட்டால் இரண்டு பேர் போவார்கள். ஒருவன் கையில் பாராங் கத்தி. இன்னொருவன் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். கத்திக்காரன் அடிமரத்தில் லேசாக ஒரு கொத்துக் கொத்தி, காய்க்கிறாயா, சாய்த்துவிடட்டுமா என்று அதட்டுவான். ஒளிந்திருப்பவன் மரத்தின் வாயாக இருந்து, காய்க்கிறேன், வெட்டாதே என்று கெஞ்சுவான். அவ்வளவுதான் சடங்கு. ஒரே ஒரு விதி: மரத்துக்குச் சொந்தக்காரர் கத்தியைத் தொடக்கூடாது. பெற்றவள் அடித்தால் பிள்ளைக்கு உறைக்குமா, ஊரான் திட்டினால்தானே உறைக்கும்! பழம் காய்க்கிற மரத்துக்கு இது பலிக்குமென்றால் பூ மரம் மட்டும் என்ன மகாராணி வீட்டுப் பிள்ளையா என்று கேட்டவள் பூங்காவனம்.

முதல் திட்டு தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருடம், அவள் வேலை செய்த பள்ளிக்கூடத்து ஆசிரியை சாரதாம்பாள் வீட்டில் விழுந்தது. நாலு வருடமாகப் பூக்காத கெமுனிங் வேலி. பூங்காவனம் முந்தானையைச் செருகிக்கொண்டு, பாராங்கை ஓங்கிக்கொண்டு வேலிக்கு முன்னால் நின்றாள்.

"ஏன்டி மூதேவி! நாலு வருஷமா குடிச்சியே தண்ணி, அதெல்லாம் எங்கடி போச்சு? உன் பக்கத்துல நிக்குது பாரு பாவக்காக் கொடி. நேத்து மொளைச்சது. அது பூத்து, காய்ச்சு, பேரன் எடுத்துடுச்சு. நீ நிக்குறே, கவர்மெண்டு ஆபீசர் கணக்கா, பச்சப் பசேல்னு, தண்டமா! பூக்குறியா, இல்ல வேரோட சாச்சிடட்டுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் பதில் சொல்ல ஆள் ஏற்பாடு செய்யவில்லை என்பது நினைவுக்கு வந்தது. சாரதாம்பாள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். கத்தியை எவ்வளவு நேரம்தான் ஓங்கிக்கொண்டே நிற்பது? அப்போது வேலிக்குப் பின்னாலிருந்து நடுங்குகிற குரலில் பதில் வந்தது.

"அடோய்! ஜங்கான் தெபாங்! துங்கு ஊஜான், துங்கு ஊஜான்!"

ஐயோ, வெட்டாதே, மழை வரட்டும் என்று வேலி மலாயில் கெஞ்சியது. பூங்காவனம் எட்டிப் பார்த்தாள். வாசல் கேட்டுக்குச் சாயம் அடிக்க வந்த அப்பு, தூரிகையைக் கையில் பிடித்தபடி வேலிக்கு அந்தப் பக்கம் குந்திக்கொண்டிருந்தான். காதில் பச்சைச் சாயம். அவன் சிரிக்கவே இல்லை. வேலி எவ்வளவு பயந்திருக்குமோ அவ்வளவு பயத்தை முகத்தில் வைத்திருந்தான். பத்து நாளில் மழை வந்தது, வேலி வெடித்துப் பூத்தது, சாரதாம்பாள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அப்பு மலாக்காச் செட்டி. வட்டிக்கடைச் செட்டியார் வேறு, இவர்கள் வேறு. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கப்பலில் வந்து, இங்கேயே பெண் கட்டி, இங்கேயே நின்றுவிட்டவர்கள். பெயர் தமிழ், சாமி தமிழ், நெற்றியில் விபூதி. வாயைத் திறந்தால் மலாய். அப்புவுக்குத் தமிழ் பாதி புரியும், பேச வராது. கிளேபாங் கரையில் மீன்படகுகளுக்குச் சாயம் அடிப்பது வேலை. மனைவி இறந்து எட்டு வருடம், பிள்ளை இல்லை, சாப்பாடு அக்கா மீனாச்சி வீட்டில். அந்த வீடு பூங்காவனத்தின் கொல்லைக்கு அடுத்த கொல்லை.

அன்றிலிருந்து காஜா பெராங்கில் தமிழில் திட்டு வாங்குகிற மரமெல்லாம் மலாயில் பதில் சொன்னது. யாருக்கும் இதில் வினோதம் தெரியவில்லை. மரம் இந்த மண்ணில் முளைத்தது, வேறு என்ன பாஷை பேசும் என்று விட்டுவிட்டார்கள்.

திட்டுக்கு மரம் பூக்குமா என்று கேட்கிற படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. திட்டுக்கு முன்னால் மூன்று வாரம் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று அப்பு வீட்டுக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பிவிடுவான். பாராங் கொத்து அடிமரத்தில் நாலு இடத்தில் விழும். பூங்காவனமோ மழை வர எத்தனை நாள் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் நாள் குறிப்பாள். தாகத்தில் செத்துக்கொண்டிருக்கிற மரம் போகிற போக்கில் ஒரு தடவை பூத்துவிட்டுப் போகலாமே என்று நினைக்கும். அந்த நேரம் பார்த்து மழை கொட்டும். இது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் தெரியும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. திட்டும் கெஞ்சலும் அதற்காகக் குறைந்ததும் இல்லை.

கூலி வாங்கமாட்டாள். பூத்த மரத்திலிருந்து ஒரு போத்து ஒடித்துக்கொண்டு வருவாள். அப்படி வந்து சேர்ந்தவை அண்ணன் வீட்டுக் கொல்லையில் பால் டின்னிலும் உடைந்த பானையிலும் நின்றன. நாலு நிறக் காகிதப்பூ, இரண்டு வகைச் செம்பருத்தி, பவளமல்லி, யார் வீட்டிலிருந்து வந்தது என்று மறந்துபோன ஒரு இட்லிப்பூ. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவற்றுக்கு நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பாள். அந்த அரை மணி நேரம் யாரையும் திட்டமாட்டாள்.

அவள் இந்த வேலையை விடாமல் செய்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, நாம் சொல்லிவிடுவோம். மரத்துக்குப் பின்னாலிருந்து வருகிற அந்தக் குரல் அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் வாழ்க்கையில் அவள் திட்டியதற்கு எதிர்த்துக் கத்தியவர்கள் உண்டு, ஓடியவர்கள் உண்டு, கையை ஓங்கியவன் ஒருவன் உண்டு, அந்த லோரிக்காரன் காய்ச்சலோடு போய்விட்டான். ரசித்தவன் எவனும் இல்லை. அப்புவோ ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குரல் வைத்திருந்தான். கொன்றை தடித்த குரலில் சோம்பலாகக் கெஞ்சும். காகிதப்பூ கிழவி மாதிரி இருமிக்கொண்டு மன்னிப்புக் கேட்கும். சீன முதலாளி தௌக்கே வீட்டு மாதுளை ஒருமுறை தும்மியது. சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வசவைத் தேடும்போது பூங்காவனத்துக்கு வயது பதினெட்டு.

மற்ற நேரத்தில் இருவரும் பேசிக்கொள்ளமாட்டார்கள். ரோட்டில் சைக்கிளில் போகும்போது தலையை ஆட்டி "பூங்ஙா" என்பான். அவள் பெயரைச் சுருக்கிச் சொல்கிறான் என்று தமிழர்கள் நினைத்தார்கள். பூங்ஙா என்றால் மலாயில் பூ. அது அவளுக்கும் தெரியும்.

ஐம்பத்தாறில் பண்டார் ஹிலிர் பக்கத்து பங்களா ஒன்றிலிருந்து ஆள் வந்தது. ஒரு வெள்ளைக்கார மேம், சீமையிலிருந்து கப்பலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த லைலாக் என்ற செடி. அவர்கள் ஊரில் வசந்தம் வந்தால் ஊதாக் கொத்தாகப் பூத்துத் தெருவே மணக்குமாம். இங்கே நாலு வருடமாக இலை மட்டும். வசந்தம் என்ன மாதம் என்று பூங்காவனம் விசாரித்தாள். ஏப்ரல், மே என்றாள் மேம். அதான் சித்திரையும் வந்துவிட்டதே, பிறகென்ன கேடு இதற்கு? குளிர் வேண்டும், பனி விழுந்தால்தான் இதற்கு வசந்தம் என்று தெரியும் என்று மேம் பெருமூச்சு விட்டாள்.

அப்பு கிளேபாங் மீன்படகுகளிலிருந்து ஐஸ் கட்டிகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து வேரைச் சுற்றிப் போட்டான். பன்னிரண்டு நாள் போட்டான். செடி மீன் நாற்றம் அடித்து இலைகளையெல்லாம் உதிர்த்தது. மேம் கை தட்டி, இலையுதிர் காலம் வந்துவிட்டது என்று கண்ணீர் விட்டாள். பிறகுதான் திட்டு.

"நாலு வருஷமா எங்க மண்ணு, எங்க தண்ணி, அதுக்கு மேல ஐஸ் வேற! இன்னும் என்னாடி வேணும், பல்லக்கா? பூக்குறியா இல்லியா?"

செடிக்குப் பின்னாலிருந்து மூக்கால் ஒரு குரல் வந்தது. "மாவ் பாலிக்."

வீட்டுக்குப் போகணும் என்றது செடி. மேமுக்கு மலாய் தெரியும். செடி அடுத்த வாரம் செத்தது. மேம் அடுத்த தை மாதம் கப்பல் ஏறினாள். மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வரப்போகிறது, வெள்ளைக்காரச் செடிக்கே தெரிந்துவிட்டது என்று கடைத்தெருவில் இந்தக் கதை ஆறு மாதம் ஓடியது.

மேம் போனது சரி. அந்தக் காற்று அண்ணன் மாணிக்கவாசகத்தின் மேலும் அடித்ததுதான் வினை.

மாணிக்கவாசகம் தண்ணீர் இலாகாவில் மீட்டர் பார்ப்பவர். யார் வீட்டில் எந்த மரம் பூக்கவில்லை என்கிற செய்தியே அவர் வழியாகத்தான் தங்கைக்கு வரும். கல்யாணம் கட்டிக்கொள்ளாதவர், அம்மன் உத்தரவு கிடைக்கவில்லை என்பார். அவருக்கு எதற்கும் உத்தரவு வேண்டும். சைக்கிள் வாங்க ஒரு பல்லி சொல்லவேண்டியிருந்தது. நல்ல மனிதர். தங்கை தகரப் பெட்டியோடு வந்து நின்ற அன்று ஒரு கேள்வி கேட்காமல் தன் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பாயில் படுத்தவர். ஆறு வருடமாகப் பாயில்தான் படுக்கிறார். அந்தப் பாயைப் பார்க்கும்போதெல்லாம் பூங்காவனத்தின் வாய் அடைத்துக்கொள்ளும். ஊரையே கிழிக்கிற நாக்கு அண்ணனுக்கு முன்னால் "சரிங்கண்ணே" என்பதோடு நின்றுவிடும்.

"சுதந்திரம் வந்தா குடியுரிமைங்குறான், ஃபாரம்ங்குறான், பிரமாணம்ங்குறான்," என்றார் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே. "நமக்கு ஏன் வம்பு? ஊருக்கே போயிடுவோம். வைகாசியில நாகப்பட்டினத்துக்குக் கப்பல் இருக்கு. அங்க பங்காளி வீடு இருக்கு, குலதெய்வம் இருக்கு. உனக்கும் நல்லது."

"சரிங்கண்ணே," என்றாள் பூங்காவனம், ரசத்தை ஊற்றியபடி.

ஊர்! அவருக்கு அது ஏழு வயதுவரை ஓடியாடிய இடம். அவள் பிறந்ததே செங் தோட்டத்தில். நாகப்பட்டினம் கிழக்கா மேற்கா என்றுகூடத் தெரியாது. அன்றைக்குக் கொல்லையில் போய் பால் டின்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். இவற்றைக் கப்பலில் ஏற்ற முடியாது. கப்பலில் ஏற்ற முடியாதது இன்னும் ஒன்று இருந்தது, அது அடுத்த கொல்லையில் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. போகமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லையே என்று ஆத்திரம் அதைவிட அதிகமாக வந்தது.

அண்ணன் வழக்கம்போல் அம்மனிடம் உத்தரவு கேட்டு வைத்தார். மாரியாத்தா, எதிர்பாராத வாயிலிருந்து உன் பெயர் என் காதில் விழட்டும். விழுந்த இடத்தில் போகலாமா வேண்டாமா என்று உன்னையே கேட்டுவிடுகிறேன். பங்குனி முடியும்வரை விழாவிட்டால் போகச் சொல்லிவிட்டாய் என்று எடுத்துக்கொள்கிறேன். இதுதான் ஒப்பந்தம். பங்குனி பிறந்ததிலிருந்து சேவல் கூவினால்கூடக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஒன்றும் விழவில்லை. பெட்டிகளுக்குக் கயிறு வாங்கினார்.

பங்குனியின் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாள் மீனாச்சி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். ஐம்பது வயது, பருத்த உடம்பு, சரோங்கும் கெபாயாச் சட்டையும், வாயில் வெற்றிலை. எத்தனையோ வருடம் தமிழர்களுக்குப் பக்கத்தில் இருந்து ஒரு மாதிரித் தமிழ் பழகியிருந்தாள்.

"ஊர் மரம் எல்லாம் நீ ஏசினா. உன் மரம் யார் ஏசுறது?" என்று கொல்லை மூலையைக் காட்டினாள்.

மூலையில் ஒரு சரக்கொன்றை. பூங்காவனம் இந்த வீட்டுக்கு வந்த வருடம் விதை போட்டு வளர்த்தது. ஆறு வருடம், கூரைக்கு மேலே உயரம், ஒரு பூ இல்லை. ஊரெல்லாம் பூக்க வைத்தவள் வீட்டில் இப்படி ஒரு தடியன் நிற்பதைப் பற்றிப் பலரும் பலவிதமாகப் பேசியிருக்கிறார்கள். சொந்தக்காரி கத்தியைத் தொடக்கூடாது என்பதால் அவளாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"நாளை அப்பு வரும். அப்பு ஏசும்," என்றாள் மீனாச்சி.

"அவரா? அவருக்குத் தமிழ் எங்க வரும்? அப்புறம் யாரு பதில் சொல்றது?"

"நீதான்," என்று சொல்லிவிட்டு மீனாச்சி வெற்றிலையைத் துப்பப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கொல்லையில் இருபது பேர் கூடிவிட்டார்கள். பூங்காவனம் ஊரைவிட்டுப் போகிறாள், கடைசித் திட்டு, அதுவும் தலைகீழாக: அவள் ஒளிந்துகொள்ள, அப்பு கத்தி பிடிக்கிறான். யார்தான் வராமல் இருப்பார்கள்? சாரதாம்பாள்கூட நாற்காலியோடு வந்துவிட்டாள். மாணிக்கவாசகம் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, விபூதித் தட்டும் கற்பூரமும் கையில் இருக்க, சமையல்கட்டு வாசற்படியில் நின்றார். மரத்தைத் திட்டுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. வேடிக்கை பார்ப்பதில் உண்டு.

பூங்காவனம் கொன்றைக்குப் பின்னால் போய் நின்றாள். ஆறு வருட மரம் அவள் உடம்பில் பாதியைத்தான் மறைத்தது. இடது பக்கத்துச் சேலை எல்லாருக்கும் தெரிந்தது.

அப்பு வந்தான். சலவைச் சட்டை, புதுச் சரோங், காதில் சாயம் இல்லை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துச் சிவந்திருந்தது. பாராங்கை ஓங்கினான். ஒரு வாரமாகப் படகுகளுக்கு முன்னால் தமிழில் பேசிப் பழகியிருந்தான். ஆனால் அவனுக்குத் தெரிந்த தமிழ் எங்கிருந்து வந்தது? நாலு வருடமாக மரத்துக்குப் பின்னால் குந்திக் கேட்டது. அவள் வாயிலிருந்து வந்தது. ஆகவே,

"ஏண்டி மூத்தேவி!" என்றான்.

கொல்லை குலுங்கிச் சிரித்தது. அப்புவின் முகம் கறுத்தது. மறுபடி முயன்றான்.

"நாலு வருசம்... தண்ணி... தண்டம்..." அதற்கு மேல் போகவில்லை. தேடிப் பார்த்தான். கவர்மெண்டு ஆபீசர் இருந்தது, மூதேவி இருந்தது, சாச்சிடட்டுமா இருந்தது. சொல்ல வந்ததற்கு வேண்டிய ஒரு சொல்கூட அந்தத் தமிழில் இல்லை. மரத்தின் இடது பக்கம் தெரிந்த சேலையைப் பார்த்துக்கொண்டே நின்றான். சிரிப்பு மெல்ல அடங்கியது. ஓங்கிய கை தானாக இறங்கியது, கத்தி தரையில் விழுந்தது.

"தா போலே லா," என்றான். முடியவில்லை என்று அர்த்தம். பிறகு கையை நீட்டினான். "பூங்ஙா. மாரி. மாரி சினி."

மலாயில் மாரி என்றால் வா. மாரி சினி என்றால் இங்கே வா. கொல்லையில் நின்ற செட்டி வீட்டுப் பெண்கள் "அலாமா!" என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். முப்பது வருடம் மலாயாவில் மீட்டர் பார்த்த மாணிக்கவாசகத்துக்கும் இந்தச் சொல் தெரியாதா? போகிற வீடெல்லாம் "மாரி, மாரி" என்றுதானே அவரைக் கூப்பிடுகிறார்கள்? ஆனால் உத்தரவுக்குக் காத்துக் கிடப்பவன் காது வேறு காது. பங்குனியின் கடைசி ஞாயிறு, மரத்தடி, எதிர்பாராத வாய், கை நீட்டிய கோலம், கீழே விழுந்த கத்தி.

"அம்மா வந்துட்டா!" என்று அலறினார் மாணிக்கவாசகம். "மாரின்னு சொல்றா! அவ பேரை அவளே சொல்றா!"

கற்பூரம் பற்றிக்கொண்டது. ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார், அவரைப் பார்த்து நாலு பேர் போட்டுக்கொண்டார்கள். யாரோ மஞ்சள் தண்ணீருக்கு ஓடினார்கள். மாணிக்கவாசகம் தட்டை ஏந்திக்கொண்டு அப்புவின் முன்னால் மண்டியிட்டார்.

"தாயே! உத்தரவு குடு. நாங்க ஊருக்குப் போகட்டுமா, வேணாமா?"

அப்பு மலங்க மலங்க விழித்தான். போகட்டுமா என்பது அவனுக்குப் புரிந்தது, அதுதான் ஆபத்து. வேலியோரத்திலிருந்து மீனாச்சி, "சக்காப் ஜங்கான், அப்பு! சக்காப் ஜங்கான்!" என்று அடித்தொண்டையில் கத்தினாள். வேண்டாம் என்று சொல்லடா என்கிறாள். ஒரு சொல் போதும். அம்மனே சொன்ன பிறகு மாணிக்கவாசகம் கயிறுகளை அவிழ்த்து, பெட்டிகளைப் பரண்மேல் போட்டுவிடுவார். கப்பல் அதுபாட்டுக்குப் போகும். அப்பு வாயைத் திறந்தான்.

மரத்துக்குப் பின்னால் நின்ற பூங்காவனத்துக்கு எல்லாம் கேட்டது. ஒரு விநாடி அவளும் அதைத்தான் வேண்டினாள்: சொல்லிவிடு, சொல்லித் தொலை. அடுத்த விநாடியே அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் சொன்னால் போகவேண்டும், அம்மன் சொன்னால் இருக்கவேண்டும். இங்கேயே இருந்துவிட்டாலும் அம்மன் சொல்லித்தான் இருந்தாள் என்று ஆகும். அண்ணன் பாயில் படுப்பார், இவள் ரசம் ஊற்றுவாள், சரிங்கண்ணே என்பாள். அடுத்த பல்லி சொல்கிறவரைக்கும். இதில் தன் வாய் எங்கே இருக்கிறது?

மரத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அண்ணே, கற்பூரத்தை எறக்குங்க. அது மாரியாத்தா இல்ல. மலாயி. வான்னு கூப்பிட்டாரு."

மாணிக்கவாசகம் மண்டியிட்டபடியே நிமிர்ந்து பார்த்தார். "யாரை?"

"என்னைத்தான்."

மஞ்சள் தண்ணீரோடு ஓடி வந்த ஆள் அப்படியே நின்றுவிட்டார். மாணிக்கவாசகம் அப்புவைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். நாலு வருடமாக யார் மரத்துக்கு முன்னால் நின்றார்கள், யார் பின்னால் நின்றார்கள் என்பதெல்லாம் அவருக்கு அப்போதுதான் வரிசையாக நினைவுக்கு வந்தது. கோபப்படுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவருக்கு முகம் சுருங்கிக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப ஒனக்கு ஊருக்கு வர இஷ்டமில்லியா?"

"அது உங்க ஊருண்ணே. நான் படத்துலகூடப் பாத்ததில்ல."

"இத்தனை மாசமா ஒரு வார்த்தை சொன்னியா? கயிறுகூட வாங்கிட்டேனே! ஊருல இருக்குற மரத்தையெல்லாம் நிக்க வச்சு கேள்வி கேக்குற வாயி, என்கிட்ட மட்டும் ஒட்டிக்கிட்டா?"

பூங்காவனத்துக்கு அந்தப் பாய் நினைவுக்கு வந்தது. ஆனால் சொல்லிவிட்டாள்.

"நீங்க கேக்கலியேண்ணே. மரத்தைக்கூட கேட்டுட்டுத்தான் வெட்டுறாங்க."

மாணிக்கவாசகம் கற்பூரத் தட்டைத் தரையில் வைத்தார். அது எரிந்து முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, வேட்டியைச் சரி செய்துகொண்டு, தங்கைக்கு எதிரில் நேராக நின்றார். இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை.

"சரி, கேக்குறேன். என்கூட வர்றியா, இங்க இருக்குறியா?"

காஜா பெராங்கிலேயே பெரிய தொண்டை அது. அன்றைக்கு அவள் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது, பக்கத்தில் நின்ற அப்புவுக்கே கேட்கவில்லை.

"காதுல விழல," என்றார் அண்ணன். "சத்தமாச் சொல்லு."

"இருக்கேன்!" என்றாள். அது கிளேபாங் வரைக்கும் கேட்டிருக்கும்.